பலசரக்குக் கடைக்கு அடியில் ஒரு டூம் மெட்டல் குழு

எங்கள் குழு வாசித்த இடம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில், ஒரு பலசரக்குக் கடையின் நிலவறை. தங்களை அண்டர்கிரவுண்ட் குழு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பாரிஸில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நான்காம் மாடியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வாசிக்கிறார்கள். நாங்கள் உண்மையாகவே பதினாறு படி கீழே இறங்கினோம். ஒரு பக்கம் குத்தரிசி மூட்டைகள், மறுபக்கம் தேங்காய்ப்பால் டின்கள், நடுவில் நாங்கள் மூன்று பேர்.

வாசித்தது டூம் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மெட்டல் இசையில் வெறிநாய் துரத்துகிற மாதிரி ஓடுகிற வகை ஒன்று உண்டு. எங்களுடையது அதற்கு நேர் எதிர். கிட்டாரை ஒரு முறை அடித்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் அடுத்த அடி. இடையில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிடலாம். அதிலும் நாங்கள் இண்டஸ்ட்ரியல் பிரிவு. தாளத்துக்கு மேளம் கிடையாது, இயந்திரங்களின் சத்தம்தான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மா ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டு, லைன் பழுது என்று வைத்துவிட்டார்.

நான் உணவகச் சமையலறைகளில் இயந்திரம் திருத்துகிறவன். பாத்திரம் கழுவும் மெஷின், குளிரறை, புகை இழுக்கும் விசிறி, மா பிசையும் மெஷின், எல்லாம் பார்ப்பேன். பத்தொன்பது வயதில் இங்கே வந்தேன். வேறு வேலை தெரியாது. என்னோடு வேனில் வந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் நாள் முழுக்க இந்த இசையைத்தான் போடுவான். முதல் மாதம் வேனில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு தரம் பொனட்டைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் மாதம் அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவன் வேலையை விட்டுத் தெற்கே போனபோது தன் பழைய பேஸ் கிட்டாரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். நாலு கம்பி. எங்கள் இசைக்கு அதில் இரண்டு போதும்.

எங்கள் பாடகனைக் கண்டது ஓர் உணவகத்தின் பின்கட்டில். பாத்திரம் கழுவும் மெஷின் பழுது என்று கூப்பிட்டிருந்தார்கள். போனால், அங்கே வேலை செய்கிற முப்பது வயதுக்காரன் ஒருவன் மெஷினின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அதன் சுருதியிலேயே தொண்டைக்கு அடியிலிருந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தான். வன்னியிலிருந்து வந்தவன். சிறுவயதில் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது காது போய்விட்டதாம். வலது காதும் அரைவாசிதான். அதை அவன் சொன்னது, சப்பாத்து அளவு சொல்கிற மாதிரி.

"நேற்றிலையிருந்து இது வேறை மாதிரி உறுமுது அண்ணை" என்றான். "தண்ணி இழுக்கிற பம்பிலை தான் பிழை. கையிலை தெரியுது."

திறந்து பார்த்தேன். பம்பின் பேரிங் தேய்ந்திருந்தது. பன்னிரண்டு வருடம் இதே தொழிலில் இருந்த நான் கண்டுபிடிக்க அரை மணி நேரம் எடுத்திருப்பேன். அன்றைக்கே அவனிடம், மெட்டல் பாடுவாயா என்று கேட்டேன். மெட்டல் என்றால் என்ன என்று கேட்டான். நீ இப்போது பாடியதுதான் என்றேன்.

இடம் பிடித்தது இன்னும் சுலபம். பலசரக்குக் கடைக்கார அண்ணையின் குளிரறையை நான்தான் பார்த்து வந்தேன். திங்கட்கிழமை பின்னேரங்களில் நிலவறையைத் தர முடியுமா, பாட்டுப் பழக வேண்டும் என்று கேட்டபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே பாடுவீர்கள்? பஜனைக் குழு என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. திருத்தவில்லை. நாங்களும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வெறுங்காலோடுதான் வாசித்தோம்.

மூன்றாவது ஆள் தானாக இறங்கி வந்தாள். இரண்டாவது திங்கட்கிழமை, நானும் பாடகனும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே முக்கிக்கொண்டிருந்தபோது, கடைக்கார அண்ணையின் மகள் படியில் நின்று இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். இங்கேயே பிறந்தவள், இருபத்தாறு வயது, அப்பா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். வேலை ஒபர்வில்லியேயில், காது கேட்கும் கருவி விற்கும் கடையில். நாள் முழுக்க முதியவர்களின் காதுகளைச் சோதித்துப் பொருத்துவது அவள் தொழில். டூம் மெட்டல் என்று சொன்னேன். தெரியும் என்றாள், ஆனால் இது மிக மோசமான டூம் மெட்டல், தாளமே இல்லை என்றாள். அடுத்த கிழமை ஒரு லாப்டொப்போடும் இரண்டு மைக்கோடும் வந்து, தன் அப்பாவின் கடையிலிருந்த சத்தத்தையெல்லாம் பதிவு செய்தாள்.

அவள் கண்டெடுத்ததில் சிறந்தது மீன் வெட்டும் வாள். லா சப்பல் கடைகளில் கல்லாக உறைந்த அறக்குளா மீனை மின்சார வாளில் துண்டு போடுவார்கள். அந்தச் சத்தத்தை எட்டு மடங்கு மெதுவாக்கினால், ஒரு கப்பல் தரைதட்டுகிற மாதிரி இருக்கும். எங்கள் முதல் பாட்டின் பல்லவி அதுதான். வாள் மீனுக்குள் இறங்கும்போது பாடகன் வாயைத் திறப்பான். முள்ளில் படும்போது நான் கம்பியை அடிப்பேன்.

பாட்டின் வரிகள் பற்றித்தான் பெரிய பிரச்சினை. டூம் மெட்டலில் வழக்கமாக இருட்டு, பேய், மரணம் என்று பாடுவார்கள். நான் அப்படி ஏதோ எழுதிக் கொடுத்தேன். பாடகன் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். இங்கே தங்கும் விசாவுக்காக அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பத்திரங்களின் பட்டியல். யாரோ தமிழில் எழுதிக் கொடுத்தது, மடிப்பில் எழுத்துகள் அழிந்திருந்தன. அந்தத் தாளோடு அவன் நாலு வருடமாக அலைந்துகொண்டிருந்தான். அதையே பாடினான். "படம் நாலு" என்பதற்கு ஒரு நிமிடம் எடுத்தான். "வாடகைச் சிட்டை" என்பதற்கு ஒன்றரை நிமிடம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை வந்தபோது நான் எழுதிய பேய்ப் பாட்டைக் குப்பையில் போட்டேன்.

குழுவுக்குப் பெயர் வைக்க மட்டும் எங்களால் முடியவில்லை. மூவரும் மூன்று பெயர் சொல்வோம், இருவர் சிரிப்போம். ஒபர்வில்லியேயில் பழைய பட்டறை ஒன்றில் சில பிரெஞ்சுப் பெடியள் கச்சேரி வைத்தபோது பெயர் கேட்டார்கள். பிறகு சொல்கிறோம் என்றோம். சுவரொட்டியில் "பெயர் பிறகு அறிவிக்கப்படும்" என்று அச்சடித்துவிட்டார்கள். அதுவே பெயராகிவிட்டது. கச்சேரிக்குப் பதினொரு பேர் வந்தார்கள், எல்லோரும் கறுப்பு உடுப்பு. அதில் ஒருவன் முடிந்த பிறகு என்னிடம் வந்து, எங்கள் பாடகன் பாடியது பழங்கால மந்திரமா என்று பக்தியோடு கேட்டான். மின்சாரக் கட்டணச் சிட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓம் என்றேன்.

இதற்கிடையில் நிலவறையில் எலிகள் இல்லாமல் போயின. இதை நாங்கள் கவனிக்கவில்லை. கடைக்கார அண்ணைதான் கவனித்தார். பத்து வருடமாகப் பொறி, பசை, மருந்து எல்லாம் வைத்தும் போகாத எலிகள், நாங்கள் வாசிக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்பிவிட்டன. அவர் இதை எங்கள் பக்தியின் பலன் என்று எடுத்துக்கொண்டார். பிரச்சினை என்னவென்றால் எலிகள் ஊரை விட்டுப் போகவில்லை, பக்கத்துப் புடவைக் கடைக்குப் போயிருந்தன. புடவைக் கடைக்காரர் ஒரு திங்கட்கிழமை, ஓரம் கடிபட்ட பட்டுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கீழே என்னவோ செய்கிறீர்கள், அந்த அதிர்வில் எல்லா எலியும் தன் பக்கம் வருகிறது என்றார். நாங்கள் வெறுங்காலோடு படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைக்கார அண்ணை கல்லாவை விட்டு எழும்பவே இல்லை. "எலியளுக்கு நான் விலாசம் எழுதிக் குடுத்தே அனுப்பினனான்?" என்றார். "நீங்களும் கீழை ஒரு குழுவை வையுங்கோவன்."

அந்த ஆதரவு எங்களைப் பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல் வரை கொண்டுபோய் விட்டது. கடைக்கார அண்ணை ஓர் ஊர்ச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தார். ஆண்டு ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்திருந்த நடனக் குழுவின் ஆசிரியைக்குக் காய்ச்சல். அவர் எங்களைக் கேட்காமலேயே எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார். பெயரும் அதற்கு ஏற்றதாகத்தான் இருந்தது; நிகழ்ச்சி நிரலில் "பெயர் பிறகு அறிவிக்கப்படும்" என்று போட்டதை யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை. மகள் அவரிடம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ எச்சரித்தாள். அவர் அதைக் கூச்சம் என்று நினைத்தார். அதுவரை அவர் எங்களை முழுதாகக் கேட்டதே இல்லை. மேலே கல்லாவில் இருந்தவருக்குத் தரை மட்டும்தான் அதிர்ந்திருக்கிறது.

ஞாயிறு மத்தியானம், RER D ரயில் பிடித்து, பிறகு பஸ் எடுத்து, ஸ்பீக்கரையும் லாப்டொப்பையும் சுமந்துகொண்டு போனோம். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பட்டுச் சேலைகள், கோட்டுகள், ரோல்ஸும் கட்லெட்டும் வைத்த கடதாசித் தட்டுகள். எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை திருக்குறள் சொல்லிக் கைதட்டு வாங்கியது. பிறகு நாங்கள் ஏறினோம், பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு. அதைப் பார்த்து முன்வரிசை அம்மாக்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்து இருந்தார்கள்.

அறக்குளா மீனுக்குள் வாள் இறங்கியது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பாடகன் கண்ணை மூடிக்கொண்டு "படம் நாலு" என்று உறுமினான். நான் சனத்தைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்தேன். வாடகைச் சிட்டை போனது. மின்சாரச் சிட்டை போனது. மண்டபத்தில் கட்லெட் மெல்லும் சத்தமும் நின்றுவிட்டது. எழும்பி அடிக்க வந்தால் எந்தக் கதவால் ஓடுவது என்று பார்த்து வைத்தேன். அப்போது பாடகன் "பிறப்புச் சான்றிதழ்" என்று இழுத்தான், எழுத்து எழுத்தாக.

மூன்றாம் வரிசையிலிருந்து ஓர் அம்மா, கோபமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி சொல்கிற குரலில் சொன்னார்: "தம்பி, அது மூண்டு மாசத்துக்கை எடுத்ததா இருக்கவேணும்."

அவருக்குப் பின்னால் இருந்தவர் மறுத்தார், இல்லை, ஆறு மாதம் என்று. தன் மருமகனுக்கு மூன்று மாதம் என்றுதான் திருப்பி அனுப்பினார்கள் என்று அந்த அம்மா சொன்னார். அது பிரெஞ்சுப் பத்திரத்துக்கு, வெளிநாட்டுப் பத்திரத்துக்கு ஆறு என்று வேறொருவர் எழும்பினார். மொழிபெயர்ப்பு நீதிமன்றத்தில் பதிந்த ஆள் செய்ததாக இருக்க வேண்டும், அதைப் பாட்டில் விட்டுவிட்டீர்கள் என்று இன்னொரு குரல். மண்டபம் முழுக்க வாக்குவாதம். பாடகனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சனம் எழும்பி நிற்பது மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்தான். நான் அவனுடைய வலது காதுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு மைக்கைப் பிடித்து, முழு மூச்சையும் எடுத்து, "மூண்டு மாசம்" என்று இறக்கினான். பிறகு, நியாயத்துக்காக, "ஆறு மாசம்". கடைக்கார அண்ணையின் மகள் லாப்டொப்பில் வாளை மறுபடி ஓடவிட்டாள். அந்தப் பாட்டு வழக்கமாகப் பதினொரு நிமிடம். அன்று அரை மணி நேரம் போனது. சனம் பத்திரம் சொல்லச் சொல்ல அவன் பாடினான். ஒருவர் மேடைக்கே வந்து, தான் ஐந்து தரம் கொண்டுபோன தாள் ஒன்றின் பெயரைக் காட்டி, அதைச் சத்தமாகப் பாடும்படி கேட்டார். பாடி முடித்ததும் அவர் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன், வியர்வை என்று சொல்லிக்கொண்டு.

திரும்பி வரும்போது ரயிலில் கடைக்கார அண்ணை எங்கள் எதிரே இருந்தார். சார்செல் நிலையம் தாண்டியதும், நான் பக்திப் பாட்டு என்றல்லவா நினைத்தேன் என்றார். மகள் ஜன்னலைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உள்ளதைத்தான் பாடினீர்கள், ஆனால் இனிமேல் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், கீழே தரை குளிர் என்றார்.

அதன் பிறகு எங்களுக்கு நல்ல காலம். பட்டறைப் பெடியள் எங்களை ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்யக் கேட்டார்கள். அவளுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. காதுக் கருவிக் கடையில் வேலை செய்கிறவள், இரண்டு வருடமாக ஒரு அரைச் செவிடனோடு வாசிக்கிறாள், ஒரு தரம்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. பதிவுக்கு முன் அவனைத் தன் கடைக்கு வரச் சொன்னாள். நானும் கூடப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து சத்தம் கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். இடது காதுக்குச் சத்தம் கொடுத்தபோது, செத்துப்போய்விட்டது என்று அவன் இருபது வருடமாக நம்பிய அந்தக் காது, மெல்லத்தான், ஆனால் கேட்டது. அவன் பொத்தானை அமத்திவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். காது வைத்தியரின் கடிதம், காப்புறுதிப் பத்திரங்கள் என்று அதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. அதை அவன் மனப்பாடமாகச் செய்தான்.

கருவி பொருத்திய நாளில் அவன் முதலில் கேட்டது, யார் சர்சர் என்று கடதாசி கசக்குகிறார்கள் என்பது. யாரும் கசக்கவில்லை. அவனுடைய ஜாக்கெட் கைதான் உரசியது. கடையை விட்டு மெட்ரோ வரை அவன் கையை ஆட்டிக்கொண்டே நடந்தான்.

அடுத்த திங்கட்கிழமை கருவியோடு நிலவறைக்கு வந்தான். நாங்கள் ஒரு பாட்டை முழுதாக வாசித்தோம். பிறகு வில்லியே லே பெல்லில் அவள் லாப்டொப்பில் எடுத்து வைத்திருந்த பதிவைப் போடச் சொன்னான். அரிசி மூட்டையில் இருந்து, அரை மணி நேரத்தையும் அசையாமல் கேட்டான்.

"இதையே நாங்கள் ரெண்டு வருசமா வாசிச்சனாங்கள்?" என்றான்.

"ஓம்" என்றேன்.

"ஒருதரும் சொல்லேல்லையே அண்ணை."

அவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் படியில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே மனம் நொந்துபோயிருந்தான், இருநூறு பேர் முன்னால் இப்படிக் கத்தினேனே என்று. அதுதான் அழகு என்று நாங்கள் இருவரும் மாறி மாறி விளக்கினோம். இசைத்தட்டுப் பதிவுக்கு வந்தான். கருவியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டுவிட்டுப் பாடினான், நன்றாகவும் பாடினான். ஆனால் மனம் அதில் இல்லை. ஒரு மாதம் கழித்து, கொஞ்சம் வேகமாக ஒன்று செய்வோமா என்று கேட்டான். எவ்வளவு வேகம் என்று அவள் கேட்டாள். சனம் காலாட்டுகிற அளவுக்கு என்றான். அவளுக்கு முகம் மாறிவிட்டது. டூம் மெட்டலில் காலாட்ட விடுவது எங்கள் ஊரில் செத்த வீட்டில் வெடி கொளுத்துவது மாதிரி என்று நினைத்திருக்கிறாள் போல. எங்கள் செத்த வீட்டில் வெடி கொளுத்துவோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று திங்கட்கிழமைகள் சண்டை நடந்தது. அவள் பிரெஞ்சில், அவன் தமிழில், நான் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக. இருவர் சொன்னதையும் மெதுமெதுவாக மென்மையாக்கிச் சொன்னேன். அது தெரியவந்து இருவரும் என்னோடும் சண்டை பிடித்தார்கள். நாலாவது திங்கள் அவன் வரவில்லை. திங்கட்கிழமைகளில் வேறொரு குழுவோடு பாட்டுப் பழகுகிறேன், மன்னிக்கவேண்டும் என்று குறுஞ்செய்தி அனுப்பினான்.

அது கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. ஒரு கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டான். போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றான், இடது காதில் கருவி மினுங்கியது. அவன் வாயிலிருந்து வந்தது மெல்லிய, இனிப்பான, ஒரு பிசிறும் இல்லாத குரல். இரண்டு வருடம் நாங்கள் அதை மீன் வாளுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறோம். அவள் ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான் என்றாள். பிறகு போய் அவனிடமே சொன்னாள். அவனுக்கு விசாவும் கிடைத்துவிட்டது, பத்து வருட அட்டை. பழைய பட்டியல் தாளை என்ன செய்தாய் என்று கேட்டேன். அடுத்த அறைக்கு வந்த ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

நானும் அவளும் சில மாதம் இருவராக வாசித்துப் பார்த்தோம். குரல் இல்லாமல் அது வெறும் வேலைத்தளம். கடைசியில் கடைக்கார அண்ணையின் கடைக் கண்ணாடியில், அறை வாடகைக்கு, பிள்ளை பார்க்க ஆள் தேவை போன்ற துண்டுகளுக்கு நடுவே, "குரல் தேவை, திங்கட்கிழமைகளில்" என்று எழுதி ஒட்டினோம். மூன்று கிழமை ஒருவரும் வரவில்லை. நாலாவது கிழமை மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண் வந்தார், நாற்பது வயது இருக்கும். ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. தொலைபேசியில் பதில் சொல்கிற வேலை என்று நினைத்து, கோப்பில் தன் சான்றிதழ்களையெல்லாம் கொண்டு வந்திருந்தார். நான் வெட்கத்தோடு விஷயத்தை விளக்கினேன். கத்த வேண்டும், ஆனால் மெதுவாக, ஆழத்திலிருந்து. அவர் கோப்பை அரிசி மூட்டையின் மேல் வைத்தார். எதைப் பற்றிக் கத்த வேண்டும் என்று கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஒரு நாளைக்குத் தான் விரிக்கும் கட்டில்களை அறை இலக்கத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் மாடிக்கு வந்தபோது தேங்காய்ப்பால் டின்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. அவள் அவசரமாக மைக்கைப் போட்டாள். ஐந்தாம் மாடி முடிந்ததும் அந்த அக்கா தண்ணீர் கேட்டுக் குடித்தார், சேலையை உதறிச் சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டார்.

"அப்ப திங்கக்கிழமை எத்தின மணிக்கு வரணும்?" என்றார்.